ஒரு மங்கு கூடுதல்

பண்டார் ஹிலிர், மலாக்கா
3 மார்ச் 1952

அண்ணனுக்கு,

லாரி ஓட்டும் வடிவேலு அண்ணன் நேற்று கிளினிக் வாசலில் வந்து நின்றார். "டிரசர் கிராம்புத் தைலம் ஒரு பாட்டில் கேட்டாரு, தங்கச்சி" என்றார். வேறு சேதி இல்லையா என்று கேட்டேன். தலையைச் சொறிந்தார். "அவரு பேசறதே இல்லலா" என்றார்.

உங்கள் மனைவி கிறிஸ்துமஸ் முடிந்த வாரத்திலிருந்து என் வீட்டில் இருக்கிறார். அண்ணி எப்படி இருக்கிறார், சாப்பிடுகிறாரா என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை. தைலம் மட்டும் வேண்டும்.

நீங்கள் கேட்காவிட்டாலும் சொல்கிறேன். சீனத் தையற்காரரிடம் துணி வாங்கி வந்து பொத்தான் தைக்கிறார். ஞாயிற்றுக்கிழமை என்னோடு பூசைக்கு வருகிறார். மகள் லூர்துவின் பெயரை இதுவரை ஒருமுறைகூடச் சொல்லவில்லை. தெருவில் நாலு வயசுப் பிள்ளை யாராவது ஓடினால் எழுந்து உள்ளே போய்விடுகிறார்.

லூர்து இறந்தபோது நான் பினாங்கில் பல் நர்ஸ் படிப்பில் இருந்தேன். தந்தி வந்த நேரம் அடக்கம் முடிந்துவிட்டது. அதற்காகத்தான் என்மேல் கோபமா? இங்கே ஆஸ்பத்திரியில் உங்களுக்கு ஒரு வேலை இருக்கிறது என்று எழுதினேன். பதில் இல்லை. முள்வேலிக்குள் அடைத்து வைத்த அந்தத் தோட்டத்தில் உங்களுக்கு என்ன இருக்கிறது?

தைலம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். எதற்கென்று எழுதுங்கள்.

பிரிஜிட்


பிரம்புமலைத் தோட்டம், ஜாசின்
11 மார்ச் 1952

பிரிஜிட்டுக்கு அண்ணன் எழுதுவது.

தைலம் கிடைத்தது. உன்மேல் எனக்குக் கோபம் இல்லை. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாமல்தான் பேசாமல் இருக்கிறேன்.

நீ அன்று இல்லை. உன் அண்ணி அன்னம்மாவும் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டாள். பிள்ளைக்குக் கடைவாய்ப் பல் சொத்தை. முதலில் கன்னம் வீங்கியது. மறுநாள் வீக்கம் தாடைக்குக் கீழே இறங்கிக் கழுத்தைப் பிடித்தது. லாரியில் ஏற்றிக்கொண்டு கேட்டுக்கு வந்தேன். ஜாசின் ரோட்டில் எங்கேயோ கம்யூனிஸ்ட் காட்டுக்காரர்கள் சுட்டுவிட்டார்களாம், உத்தரவு வராமல் திறக்க முடியாது என்றார்கள். நான் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரசர், இது என் பிள்ளை என்றேன். உத்தரவு வரட்டும் என்றார்கள். பிள்ளை என் மடியில் மூச்சுக்குத் தவித்தாள். உத்தரவு மத்தியானம் வந்தது. அப்போது அவசரம் எதுவும் மீதி இல்லை.

இங்கே பிள்ளைகளின் வாயைத் திறந்து பார்த்தால் உனக்கு மனசு ஆறாது. முன்பல் எல்லாம் ஈறோடு கரைந்து கறுத்துக் கிடக்கிறது. காரணம் என்ன தெரியுமா? இனிப்புக் கட்டிப்பால் டின். காட்டுக்குக் கடத்திவிடக் கூடாதென்று கடையில் விற்கும்போதே டின்னை ஆணியால் குத்திக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். குத்திய டின் தாங்காது, அன்றைக்கே தீர்க்க வேண்டும். தாய்மார்கள் ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகுமுன் மிச்சத்தை எல்லாம் பிள்ளை வாயில் ஊற்றிவிட்டுப் போகிறார்கள். அந்த இனிப்போடு அது ஆயாக் கொட்டகையில் தூங்கிப் போகிறது.

அதனால் ஒரு கஷாயம் காய்ச்சுகிறேன். கொய்யாக் கொழுந்து, கொஞ்சம் வேப்பிலை, கிராம்பு, காசுக்கட்டி, உப்பு. கொட்டகையில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் முனியம்மா அக்கா, ரப்பர் பால் பிடிக்கும் பழைய மங்குகளைக் கழுவி வைத்திருக்கிறாள். ஆளுக்கொரு மங்கு. தினம் காலையில் லொங்காங் வாய்க்கால் ஓரமாக வரிசையாக நின்று கொப்பளித்துத் துப்புகிறார்கள். கொய்யா மரம் வேலிக்கு வெளியே, பழைய லயத்து வீட்டு வரிசை இருந்த இடத்தில், நம் கல்லறைக்குப் பக்கத்தில் நிற்கிறது. காவலுக்குத் துப்பாக்கியோடு ஒரு ஸ்பெஷல் கான்ஸ்டபிள் கூட வந்தால்தான் இலை பறிக்க விடுவார்கள். இலை பறிக்கிற சாக்கில்தான் லூர்துவைப் பார்த்துவிட்டு வருகிறேன்.

நீ படித்தவள். இந்தத் தண்ணீரால் பிரயோசனம் உண்டா?

அம்புரோஸ்


பண்டார் ஹிலிர்
20 மார்ச் 1952

அண்ணனுக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கேட்டில் நடந்ததை இன்றுதான் முழுதாகத் தெரிந்துகொண்டேன். அதைப் பற்றி எழுதத் தெரியவில்லை. தெரிந்ததை எழுதுகிறேன்.

பல்லைச் சொத்தையாக்குவது ஒரு கிருமி. இனிப்பைத் தின்று புளிப்பைக் கழிக்கும். அந்தப் புளிப்பு பல்லை அரிக்கும். கொய்யா, வேம்பு, கிராம்பு மூன்றுக்கும் கிருமியை அடக்கும் குணம் கொஞ்சம் இருக்கலாம். ஆனால் பால் டின்னை நிறுத்தாமல் தண்ணீரை மட்டும் நம்பினால் ஓட்டைப் படகில் நீர் இறைக்கிற வேலைதான். காசுக்கட்டியை விட்டுவிடுங்கள், பல்லில் கறை ஏறும். மூன்று வயசுக்குக் கீழே கொப்பளிக்க விட வேண்டாம், விழுங்கிவிடும். அவர்களுக்குச் சுத்தமான துணியை அந்தத் தண்ணீரில் நனைத்து ஈறையும் பல்லையும் துடைத்தால் போதும்.

பலன் இருக்கிறதா என்று ஊகிக்க வேண்டியதில்லை, சோதிக்கலாம். எங்கள் டாக்டரிடம் கேட்டேன். வடிவேலு அண்ணனிடம் ஒரு பெட்டி கொடுத்திருக்கிறேன். உள்ளே சின்னக் கண்ணாடிக் குழாய்கள். அடியில் பச்சையாக ஒரு மருந்துக் கூழ் இருக்கும். பிள்ளை ஒவ்வொன்றும் அதில் எச்சில் துப்ப வேண்டும். மூடிப் பெயர் ஒட்டி அனுப்புங்கள். கிருமி நிறைய இருந்தால் பச்சை மஞ்சளாகும். எவ்வளவு சீக்கிரம் மஞ்சளாகிறதோ அவ்வளவு கெட்ட வாய். பச்சையாகவே நின்றால் நல்ல வாய். இரண்டு மாதம் கழித்து மறுபடி பார்ப்போம்.

அண்ணிக்கு ஒரு வரி எழுதினால் கை தேய்ந்துவிடாது.

பிரிஜிட்


பிரம்புமலைத் தோட்டம்
1 ஏப்ரல் 1952

பிரிஜிட்டுக்கு,

பெட்டி வருகிறது. பெரிய கிராணி கணக்குப் பார்க்க ஆபீசுக்குக் கூப்பிட்டதால் எச்சில் பிடிக்கும் வேலையை முனியம்மா அக்காவிடம் விட்டுப் போனேன். பெயர் எல்லாம் ஒட்டியிருக்கும். கேட்டில் பெட்டியைத் திறந்து ஒவ்வொரு குழாயையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். உனக்கு மாதிரிக்கு வைத்த கஷாயத்தைக்கூட ஒருவன் விரலால் தொட்டு நக்கினான், உப்பு கடத்துகிறேனா என்று.

பால் டின் விஷயம் தாய்மாரிடம் பேசினேன். சில பேர் கேட்டுக்கொண்டார்கள். சில பேர், "பசியோட விட்டுட்டுப் போகச் சொல்றீங்களா, டிரசரய்யா?" என்றார்கள்.

ஒரு சின்ன விஷயம். கொப்பளித்து முடித்ததும் பிள்ளைகள் மங்குகளை லொங்காங் ஓரச் சிமெண்டுக் கட்டையில் கவிழ்த்து வைப்பார்கள். வரிசைக் கடைசியில் யாருக்கும் கொடுக்காத ஒரு மங்கு கிடக்கும். சில நாளாக அதுவும் நனைந்திருக்கிறது. முனியம்மா அக்கா, எந்தப் பிள்ளையோ இரண்டு தடவை குடிக்கிறது என்று திட்டுகிறாள். நேற்று நானே எடுத்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் இலைத் தண்ணீர். அதில் நூல் மாதிரி ரத்தம். எந்தப் பிள்ளைக்கு ஈறு கசிகிறதென்று எல்லா வாயையும் பார்த்தேன். யாருக்கும் இல்லை.

அன்னம்மாவுக்கு என்ன எழுதுவது? நீயே சொல், நான் நன்றாக இருக்கிறேன் என்று.

அம்புரோஸ்


பண்டார் ஹிலிர்
9 ஏப்ரல் 1952

அண்ணனுக்கு,

முடிவு நீங்கள் பயந்தது போலத்தான். பெரும்பாலான குழாய்கள் இரண்டாம் நாளே மஞ்சளாகிவிட்டன. பச்சையாக நின்றவை மிகக் குறைவு.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். பெயர்ச்சீட்டு ஒட்டாமல் ஒரு குழாய் எதற்கு? உங்கள் பிள்ளைகள் எல்லாரையும் பெயர் வைத்துச் சரிபார்த்துவிட்டேன், ஒருவர்கூட விட்டுப் போகவில்லை. இது கூடுதல். மற்றவை நிறம் மாறத் தொடங்குமுன், வந்த அன்று மாலைக்குள்ளேயே இது முழு மஞ்சளாகிவிட்டது. டாக்டர் மூடியைத் திறந்து உடனே மூடினார். எனக்கும் அந்த வாடை தெரியும். சீழ் கட்டிய வாய். "இந்தப் பிள்ளையை உடனே கூட்டி வரச் சொல், இல்லையென்றால் பிழைக்காது" என்றார்.

யார் அது? விளையாட்டுக் காரியம் இல்லை, உடனே எழுதுங்கள்.

பிரிஜிட்


பிரம்புமலைத் தோட்டம்
21 ஏப்ரல் 1952

பிரிஜிட்டுக்கு,

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடாமல் வடிவேலு கையில் கொடுக்கிறேன். அன்னம்மாவிடம் காட்டாதே.

உன் கடிதம் வந்த அன்றே எல்லாப் பிள்ளைகளின் வாயையும் மறுபடி பார்த்தேன். சீழ் எங்கும் இல்லை. முனியம்மா அக்காவைக் கேட்டேன். பிள்ளைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்து துப்பியதாகவும், கடைசியில் ஒரு குழாய் கட்டைமேல் தானாக நிரம்பி இருந்ததாகவும், யாரோ ஒரு பிள்ளையுடையதென்று பெட்டியில் வைத்ததாகவும் சொன்னாள்.

பிறகு பிள்ளைகளைக் கேட்டேன். வேலையாட்களை மேற்பார்க்கும் தண்டல் வீட்டு ராஜம்மாவுக்கு நாலு வயசு, நன்றாகப் பேசுவாள். "கடைசி மங்கு யாருது பாப்பா?" என்றேன்.

"லூர்துவோடது" என்றாள்.

மற்றப் பிள்ளைகளும் தலையாட்டின. எந்தப் பயமும் இல்லை, பக்கத்து வீட்டுப் பிள்ளையைச் சொல்வது போலச் சொன்னார்கள். மஞ்சள் கவுன் போட்டிருக்குமாம். லொங்காங் பக்கம் வந்து வரிசைக் கடைசியில் நிற்குமாம். பேசாதாம். "வாயில தண்ணிய வச்சுக்கிட்டே நிக்கும், துப்பாது. அன்னிக்கு மட்டும் அந்தக் குழாயில துப்புச்சு" என்றாள் ராஜம்மா.

பிரிஜிட், ராஜம்மா குடும்பம் தோட்டத்தின் வேறு டிவிஷனில் இருந்தது. மற்ற டிவிஷன்காரர்களையும் இந்த வேலிக்குள் கொண்டுவந்தபோது, இந்த ஜனவரியில்தான் இங்கே வந்தார்கள். அவள் லூர்துவைப் பார்த்ததே இல்லை. கொட்டகையில் பாதிப் பிள்ளைகள் அப்படித்தான். அந்தப் பெயரை இங்கே யாரும் என் காதுபட உச்சரிப்பதுகூட இல்லை. மஞ்சள் கவுன், நாங்கள் அவளைச் சவப்பெட்டியில் வைத்தபோது போட்டது.

மறுநாள் மருந்தறை வேலையை விட்டுவிட்டு மரத்தடியில் நின்று கவனித்தேன். வெயில் ஏறிய நேரம். பெரியவர்கள் எல்லாரும் பால் வெட்டப் போய்விட்டார்கள், லயம் முழுக்க அமைதி. பிள்ளைகள் வரிசையாகக் கொப்பளித்தார்கள். கடைசி மங்குப் பக்கம் யாரும் இல்லை. கண்ணை எடுக்காமல் பார்த்தேன். முடிந்ததும் போய்த் தொட்டேன். நனைந்திருந்தது.

அம்புரோஸ்


பண்டார் ஹிலிர்
28 ஏப்ரல் 1952

அண்ணனுக்கு,

நீங்கள் சரியாகத் தூங்குவதில்லை என்று நினைக்கிறேன். பிள்ளைகள் பெரியவர்கள் பேச்சைக் காதில் வாங்கிக்கொள்ளும். முனியம்மா யாரிடமாவது லூர்துவைப் பற்றிப் பேசியிருப்பார். மழைத்துளி விழுந்தாலும் மங்கு நனையும். விடுப்புப் போட்டுவிட்டு உடனே கிளம்பி வாருங்கள். நர்ஸாகச் சொல்கிறேன், தங்கையாகவும் சொல்கிறேன்.

இப்படி எழுதிவிட்டு உண்மையையும் எழுத வேண்டியிருக்கிறது. அந்தக் குழாயை நான் இன்னும் கொட்டவில்லை. டாக்டர் கேட்கும்போதெல்லாம், அந்தப் பிள்ளையைத் தேடுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

இன்னொன்று. கடிதத்தைத் தலையணைக்குக் கீழே வைத்திருந்தேன். படுக்கை தட்டும்போது அண்ணி எடுத்துப் படித்துவிட்டார். நான் வேலையிலிருந்து வந்தபோது அதை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. நான் ஏதேதோ சமாதானம் சொன்னேன். எதையும் கேட்டது போலத் தெரியவில்லை.

கடைசியில் ஒன்றே ஒன்று சொன்னார். "கன்னத்துல வீக்கம் இன்னும் இருக்கான்னு கேட்டு எழுதச் சொல்லு."

கேட்டதை எழுதிவிட்டேன். நீங்கள் என்ன செய்வீர்களோ எனக்குத் தெரியாது.

பிரிஜிட்


பிரம்புமலைத் தோட்டம்
16 மே 1952

பிரிஜிட்,

வடிவேலு இதைக் கொண்டுவந்ததும் நீ செய்கிற வேலையைப் போட்டுவிட்டுப் படி.

அன்னம்மா கேட்டதை ராஜம்மாவிடம் கேட்டேன். "இருக்கு. முன்னைக்குக் கொறஞ்சிருக்கு" என்றாள். அதை எழுத மனம் வராமல் இத்தனை நாள் விட்டுவிட்டேன்.

இன்று காலை தூறல். பிள்ளைகள் கொட்டகைத் தாழ்வாரத்தில் ஒண்டியபடி கொப்பளித்தார்கள். நான் மருந்தறைக் கதவிலிருந்து பார்த்தேன். வரிசைக் கடைசியில், எனக்கு முதுகு காட்டிக்கொண்டு, ஒரு பிள்ளை நின்றது. அதே உயரம். அதே மாதிரி ஒரு தோள் சரிந்து நின்றது. நான் ஓடவில்லை. ஓடினால் மறைந்துவிடும் என்று நினைத்தேன். மெதுவாகப் போய், "லூர்து" என்றேன்.

திரும்பியது. லூர்து இல்லை. ஆம்பிளைச் சட்டை ஒன்றை முழங்கால் வரை தொங்கவிட்ட, எலும்பும் தோலுமான ஒரு பெண் பிள்ளை. உடம்பெல்லாம் சேறும் அட்டைக் கடியும். வேலிக்கு அடியில் லொங்காங் போகும் குழாய் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். பெரியவர்கள் நுழைய முடியாத குழாய். காட்டிலிருந்து வந்த பிள்ளை, பிரிஜிட்.

இடது தாடையின் கீழ் வீக்கம். கழுத்தைப் பிடித்துவிட்டது. வாய் திறக்கவில்லை, எச்சில் வழிகிறது. அதே வீக்கம்.

ராஜம்மா என் கால்சட்டையை இழுத்தாள். "இது வேற பிள்ள, டிரசரய்யா. லூர்துதான் கூட்டியாந்துச்சு. அந்தா நிக்கிது" என்று வேலிப் பக்கம் கை காட்டினாள். பார்த்தேன். தூறலும் ரப்பர் மரங்களும்தான்.

பிள்ளையை மருந்தறையில் படுக்க வைத்திருக்கிறேன். சட்டப்படி இந்நேரம் போலீசுக்குச் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் முதலில் அந்தக் குழாயைச் சுற்றிப் பட்டாளம் படுத்துக் காத்திருக்கும், இவளைத் தேடி யார் வருகிறார்கள் என்று பார்க்க. பிறகு இவளை விசாரிப்பார்கள். வாய் திறக்க முடியாதவளை. பிறகுதான் ஆஸ்பத்திரி. அதற்குள் இவள் போய்விடுவாள். சொல்லாமல் ஒளித்தால் எனக்கு என்ன கிடைக்கும் என்பதும் தெரியும். பெனிசிலின் துரை வீட்டுப் பெட்டியில் பூட்டியிருக்கிறது, யாருக்கென்று சொல்லாமல் கேட்க முடியாது.

நீ டாக்டரின் சீட்டோடு கிளினிக் வேனில் வா. பிள்ளைகள் பல் பார்க்க வந்ததாகச் சொல். இன்னொரு தடவை அந்தக் கேட்டில் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருக்க என்னால் முடியாது.

அண்ணன்


பண்டார் ஹிலிர்
29 மே 1952

அண்ணனுக்கு,

பிழைத்துவிட்டாள். முதலில் அதை எழுதுகிறேன். டாக்டர் இரண்டாம் தடவையும் கீறிச் சீழ் எடுத்தார். பல்லைப் பிடுங்கியாகிவிட்டது. காய்ச்சல் விட்டு, நேற்று கஞ்சி குடித்தாள்.

மனசால் நான் இன்னும் அன்று நம் வேனை மறித்த அந்தக் கேட்டிலேயே நிற்கிறேன், அண்ணே. காவல்காரன் வேனுக்குள் குனிந்து போர்வையில் கை வைத்து, யார் பிள்ளை என்று கேட்டானே. "என் பிள்ளை" என்றீர்கள். அவன் உங்கள் முகத்தைப் பார்த்தான். போன வருஷம் நின்றதும் அவன்தானோ என்னவோ. போர்வையிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கம்பியைத் தூக்கினான். அவனுக்குத் தெரியாமல் இருந்திருக்காது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது முதல் அண்ணிதான் அவளைப் பார்த்துக்கொள்கிறார். பொத்தான் வேலையை நிறுத்திவிட்டார். வாய் கழுவ நீங்கள் சொன்ன அதே இலைகளை வெதுவெதுப்பாகக் காய்ச்சித் தருகிறார்.

இன்று காலை பிள்ளை பேசினாள். பெயர் பாக்கியமாம். அப்பாவை வேறு தோட்டத்தில் பிடித்துக்கொண்டு போனார்களாம். லயத்தைக் கொளுத்தியபோது அம்மா இவளைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடியிருக்கிறாள். அங்கே யாரோடும் சேரவில்லை போலிருக்கிறது. கிழங்கு தோண்டித் தின்றிருக்கிறார்கள். அம்மாவுக்குக் காய்ச்சல் வந்து படுத்தாள், எழுப்பினால் எழுந்திருக்கவில்லை என்றாள். அதற்குப் பிறகு நடந்ததை அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

"ஒரு பாப்பா வந்துச்சு. மஞ்ச கவுனு. கன்னத்துல கைய வச்சிருந்துச்சு, என்னைய மாதிரியே. வான்னு கூப்பிடல, முன்னால நடந்துச்சு. நான் பின்னாலயே வந்தேன். தண்ணிக் குழாயில நுழைஞ்சுச்சு, நானும் நுழைஞ்சேன்."

அண்ணி பக்கத்தில்தான் இருந்தார். நான் வேறு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, அந்தக் கொட்டகைக்கு எத்தனை நாளாக வந்துகொண்டிருந்தாய் என்று கேட்டேன். மங்கு, ரத்தம், எச்சில் குழாய் எல்லாம் இவள்தான் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அதை நம்பித்தான் இந்த இரண்டு வாரமும் நிம்மதியாகத் தூங்கினேன்.

"அன்னிக்கு மட்டுந்தான்" என்றாள்.

மறுபடி கேட்டேன். அதே பதில். அதற்கு முன்னால் வேலியைக்கூடப் பார்த்ததில்லையாம்.

அண்ணி எழுந்து போய்க் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார்.

பிரிஜிட்


பிரம்புமலைத் தோட்டம்
12 ஜூன் 1952

பிரிஜிட்டுக்கு,

பாக்கியம் பிழைத்தாள் என்று தெரிந்த பிறகு நானே துரையிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஜாசினுக்குக் கூட்டிப்போய் விசாரித்தார்கள். ஏன் உடனே சொல்லவில்லை என்பதுதான் திரும்பத் திரும்பக் கேள்வி. உடனே சொல்லி ஒரு தடவை பார்த்துவிட்டேன் என்றேன். கன்னத்தில் ஓர் அறை விழுந்தது, அவ்வளவோடு விட்டார்கள். மருந்துச் சாவியைத் துரை வாங்கிக்கொண்டார். வேலை இருக்குமா என்று மாதக் கடைசியில் தெரியும்.

பட்டாளம் காட்டுக்குள் போய் அந்தத் தாயைக் கண்டுபிடித்தது. மெங்குவாங் ஓலைக் குடிசையில் படுத்தபடியே இருந்தாளாம். பக்கத்தில் யாரும் இருந்த தடயம் இல்லை. கேட்டுக் கெஞ்சி நம் கல்லறைப் பக்கத்திலேயே புதைக்க வைத்தேன். பாக்கியத்திடம் பிறகு மெதுவாகச் சொல்லுங்கள்.

இனி அந்தப் பேச்சு. நீ அனுப்பிய இரண்டாம் பெட்டிக் குழாய்களில் இந்தத் தடவை நானே எச்சில் பிடித்தேன். ஒவ்வொன்றாகப் பிடித்து, மூடி, பெயர் ஒட்டினேன். ஒரு குழாய் மிஞ்சியது. அதைத் திறந்து கடைசி மங்குக்குப் பக்கத்தில் கட்டைமேல் வைத்துவிட்டுப் பிள்ளைகளை உள்ளே அனுப்பினேன். முனியம்மா அக்காவையும் போகச் சொல்லிவிட்டு, நானும் திரும்பி நின்றுகொண்டேன்.

என்னைப் பைத்தியம் என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள். பிறகு அந்தக் குழாயை மூடி உனக்கு அனுப்பியிருக்கிறேன். பெயர் ஒட்டவில்லை.

அம்புரோஸ்


பண்டார் ஹிலிர்
23 ஜூன் 1952

அண்ணனுக்கு,

நர்ஸ் எழுத வேண்டியதை முதலில் எழுதுகிறேன். போன தடவை இரண்டாம் நாளே மஞ்சளானதில் பாதிக்குமேல் இப்போது தாமதமாகத்தான் மாறின. சில மாறவே இல்லை. ராஜம்மா குழாய் நல்ல பச்சை. மாறாமல் நின்றவை பெரும்பாலும் பால் டின்னை நிறுத்திய வீடுகள். இரண்டும் சேர்ந்துதான் வேலை செய்திருக்கிறது. டாக்டர் சந்தோஷப்பட்டார், கஷாயப் பக்குவத்தைக் கேட்டு எழுதிக்கொண்டார். முன்பே கரைந்த பல் திரும்பி வளராது, அதையும் தாய்மாரிடம் சொல்லுங்கள்.

பெயரில்லாத குழாயைத் தனியாக என் அலமாரியில் வைத்தேன். வெறும் குழாயாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. எச்சில் இருந்தது. அன்று மாலை பார்த்தேன், பச்சை. மறுநாளும் பச்சை. ஒரு வாரம் போய்விட்டது, அண்ணே. டாக்டரிடம் காட்டினேன். இது யார் பிள்ளை, இந்த வாயில் சொத்தை என்பதே இல்லையே என்றார். உறவுக்காரப் பிள்ளை என்றேன்.

இதற்கு விளக்கம் என்னிடம் இல்லை. தேடவும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்தேன். சன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். இவ்வளவு நாள் கழித்து அப்போதுதான் அழுதார். பாக்கியம் பயந்துபோய் அவர் சேலையைப் பிடித்துக்கொண்டாள். அவளைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். "லூர்து" என்று பெயர் சொல்லி அழுதார்.

பிரிஜிட்


பிரம்புமலைத் தோட்டம்
1 ஜூலை 1952

அன்புள்ள அன்னம்மாவுக்கும் பிரிஜிட்டுக்கும்,

கடிதம் வந்த மறுநாள் காலை வழக்கம்போலக் கஷாயம் காய்ச்சி ஊற்றினேன். கடைசி மங்கிலும் ஊற்றினேன். பிள்ளைகள் கொப்பளித்துவிட்டுப் போன பிறகு பார்த்தேன். ஊற்றியது ஊற்றியபடி இருந்தது. அடுத்த நாளும் அப்படியே. மேலே ஓர் எறும்பு மிதந்தது.

ராஜம்மாவைக் கூப்பிட்டு, "லூர்து வரலையா?" என்று கேட்டேன்.

"இனிமே வராதாம்" என்றாள். யார் சொன்னது என்று கேட்டேன். "அதுதான் சொல்லுச்சு. இப்பத்தான் அதுக்குப் பேச வருதே" என்றாள். வேறு என்ன சொன்னாள் என்று கேட்டதற்கு யோசித்துப் பார்த்தாள். வலிக்கலையாம் என்றாள். பிறகு விளையாடப் போய்விட்டாள்.

நான் அந்தக் கட்டையில் உட்கார்ந்துவிட்டேன். முனியம்மா அக்கா வந்து, "வெயில்ல உக்காந்திருக்கீங்களே, டிரசரய்யா" என்று சொல்லும்வரை எழுந்திருக்கவில்லை.

வேலையை விடச் சொல்லவில்லை, வேறு ஊருக்கு மாற்றவும் இல்லை. நானே எழுதிக் கொடுத்துவிட்டேன். புதிதாக வருகிற டிரசருக்குப் பக்குவம் எல்லாம் சொல்லிவிட்டேன். முனியம்மா அக்காவுக்கும் கைவந்துவிட்டது, அவள் விடமாட்டாள்.

சனிக்கிழமை வடிவேலு லாரியில் வருகிறேன். கேட்டில் சோதித்து விட எவ்வளவு நேரமானாலும் இருட்டுமுன் வந்துவிடுவேன். அன்னம்மா, எனக்கும் சேர்த்து உலை வை. பாக்கியத்திடம் நான் வருகிறேன் என்று சொல். என்னை அவளுக்கு அடையாளம் தெரியுமோ என்னவோ.

அம்புரோஸ்